அமெரிக்க வரலாற்று மெடல்கள் சேர்க்க ஆசையா? முதலில் விளிம்பைப் பாருங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்கல மெடலைப் பார்த்தீர்கள். ஒரு பக்கம் ஜார்ஜ் வாஷிங்டனின் தலை, மறுபக்கம் குதிரைமேல் சில அதிகாரிகள், அடியில் ரோமன் எண்ணில் 1776. "1776-இலேயே அடித்த அசல்" என்கிறார் விற்பவர். விளிம்பில் கொம்பு போல ஒரு சின்னக் குறியும் உலோகத்தின் பெயரும் இருக்கின்றன. வாங்கலாமா, இந்தச் சேகரிப்பை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் 1776 விலைக்கு வாங்காதீர்கள். அந்த மெடலில் 1776-இல் அடித்த பிரதி என்று ஒன்று உலகில் கிடையவே கிடையாது. நீங்கள் பார்த்தது பாரிஸ் நாணயச்சாலையில் 1880-க்குப் பிறகு அடித்தது. அந்தக் கொம்புக் குறிதான் அதற்குச் சாட்சி.

கதை இப்படி. அமெரிக்கச் சுதந்திரப் போர், அதாவது புரட்சிப் போர், நடந்தபோது பாஸ்டனை பிரிட்டிஷ் படை பிடித்து வைத்திருந்தது. அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி நாக்ஸ் டிகாண்டரோகா கோட்டையிலிருந்து பனியில் இழுத்துக் கொண்டுவந்த பீரங்கிகளை, வாஷிங்டன் டார்செஸ்டர் குன்றுகள்மேல் ஏற்றி நகரத்தைக் குறி வைத்தார். 1776 மார்ச் 17 அன்று பிரிட்டிஷார் கப்பலேறிப் போய்விட்டார்கள். எட்டே நாளில், மார்ச் 25 அன்று, வாஷிங்டனுக்குத் தங்க மெடல் கொடுப்பதென்று அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டார்களே தவிர, அடிப்பதற்கு அப்போது அந்த நாட்டில் ஒரு நாணயச்சாலையும் இல்லை, இந்தத் தரத்தில் அச்சு, அதாவது உலோகத்தில் உருவம் பதிக்கும் கட்டை, வெட்டத் தெரிந்தவரும் இல்லை. போர் முடிந்தபின் வேலை பாரிஸுக்குப் போனது. அரசாங்கத்தின் மெடல் கலைஞரான துவிவியே, உதோன் செய்த சிலையைப் பார்த்து வாஷிங்டனின் முகத்தை வெட்டினார். தங்க மெடல் வாஷிங்டனின் கைக்கு வந்து சேர்ந்தபோது ஆண்டு 1790. இடையில் அவர் ஜனாதிபதியே ஆகிவிட்டார். அந்தத் தங்க மெடல் இப்போது பாஸ்டன் பொது நூலகத்தின் உடைமை.

ஆக, மெடலில் பொறித்திருக்கும் ஆண்டு நிகழ்ச்சி நடந்த ஆண்டு. அடித்த ஆண்டு வேறு. நாணயத்தில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. மெடலில் எப்போதும் வரும். ஒரு மெடலை யார், எங்கே, எப்போது அடித்தார்கள் என்று அந்த உலோகத்திலிருந்தே படித்து எடுப்பதுதான் இந்தச் சேகரிப்பின் உயிர். என்னைப் பல வருடமாகப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

பாரிஸ் நாணயச்சாலைக்குப் பழைய அச்சுகளைப் பாதுகாத்து வைத்து, கேட்பவர்களுக்கு மறுபடி அடித்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. 1832-இலிருந்து அவர்கள் விளிம்பில் ஒரு குறியைக் குத்தத் தொடங்கினார்கள். 1841 வரை பழங்கால விளக்கு. அதன்பின் கொஞ்ச காலம் நங்கூரம். 1842 முதல் 1845 வரை கப்பலின் முன்முனை. 1845 முதல் 1860 வரை சுட்டும் கை. 1860 முதல் 1879 வரை தேனீ. 1880-இலிருந்து கொம்பு, அதாவது பழமும் பூவும் வழியும் செல்வக் கொம்பு. குறியோடு உலோகத்தின் பெயரும் இருக்கும். குறியே இல்லையென்றால் 1832-க்கு முந்தியதாக இருக்கலாம். அல்லது பாரிஸில் அடித்ததே இல்லை என்றும் ஆகலாம். ஆகவே குறி இல்லாததைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருக்கட்டும். மெடலைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்காமல் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். குறி பல சமயம் அழுக்கில் மறைந்திருக்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும்.

இதே வாஷிங்டன் மெடலை ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையும் அடித்தது. மூல அச்சுகள் பாரிஸில் இருந்ததால், 1860-களில் அசல் மெடல்களிலிருந்து வார்ப்பு முறையில் பீரங்கி வெண்கலத்தில் அச்சு எடுத்து அடித்தார்கள். பிறகு புதிதாக எஃகு அச்சும் வெட்டினார்கள். வார்ப்பு அச்சில் அடித்ததை அருகில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். காலியான பரப்பு பளிங்காக இல்லாமல் லேசாகச் சொரசொரக்கும், எழுத்தின் ஓரங்கள் கூர்மை இழந்திருக்கும், குதிரைகளின் பிடரிமயிர் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். துவிவியேயின் அசலில் அந்த மயிர் தனித்தனியாக நிற்கும்.

மறு அச்சு என்றால் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அதிகாரப்பூர்வமான நாணயச்சாலை, அந்தந்தக் காலத்தில், முறையாக அடித்தது அது. சுட்டும் கைக் குறியுள்ள ஒரு பிரதி நூற்றெழுபது வருடப் பழசு. அதை அதுவாகவே மதித்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்கினால் அருமையான பொருள். தவறு எங்கே வருகிறதென்றால், அதை வேறொன்றாகச் சொல்லி விற்கும்போது.

இந்த வாஷிங்டன் மெடல் தனி ஆள் இல்லை. புரட்சிப் போருக்காகக் காங்கிரஸ் வழங்கிய வரிசை ஒன்று இருக்கிறது. லத்தீனில் 'அமெரிக்கக் காங்கிரஸ்' என்று பொருள்படும் 'கொமிதியா அமெரிக்கானா' என்ற பெயரில் சேகரிப்பாளர்கள் அதை அழைப்பார்கள். சரடோகா வெற்றிக்காக கேட்ஸ், கௌபென்ஸ் போருக்காக மார்கன், கடற்படைக்கு ஜான் பால் ஜோன்ஸ் என்று அது போகும். வாஷிங்டனுக்குக் கிடைத்த 11 வெள்ளி மெடல்கள் பிறகு அரசியல் தலைவர் டேனியல் வெப்ஸ்டரிடம் போய், இப்போது மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. மார்கனுடைய தங்க மெடல் அவர் இறந்தபின் 1818-இல் பிட்ஸ்பர்க் வங்கியிலிருந்து திருட்டுப் போனது. குடும்பத்தார் விடாமல் கேட்டு, காங்கிரஸ் சம்மதித்து, பாரிஸில் புது அச்சு வெட்டி வரவழைத்து, இன்னொரு தங்க மெடல் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு மறு அச்சு தானே ஒரு வரலாற்றுப் பொருளாக ஆவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காலத்து மெடல்களில் அழகுக்கு முதலிடம் 'லிபர்டாஸ் அமெரிக்கானா'வுக்கு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாரிஸில் தூதராக இருந்தபோது மனத்தில் வைத்துத் திட்டமிட்டு, 1783-இல் தன் முயற்சியில் அடிக்கச் சொன்னது. அச்சு வெட்டியவர் துப்ரே. ஒரு பக்கம் கூந்தல் பறக்கும் சுதந்திர தேவி, தோளுக்குப் பின்னால் கழியில் மாட்டிய குல்லாய், அடியில் 1776 ஜூலை 4. மறுபக்கம் தொட்டிலில் குழந்தை ஹெர்குலிஸ் இரண்டு பாம்புகளை இரு கையிலும் நெரிக்கிறான். இரண்டு பாம்பும் சரணடைந்த இரண்டு பிரிட்டிஷ் படைகள்: 1777-இல் சரடோகா, 1781-இல் யார்க்டவுன். மேலே பாயும் சிங்கம் இங்கிலாந்து. அதைக் கேடயத்தால் தடுக்கும் ரோமானியத் தேவி மினர்வா பிரான்ஸ். கேடயத்தை லென்ஸில் பார்த்தால் பிரெஞ்சு அரச குலத்தின் அல்லிப்பூக்கள் தெரியும். பதினாறாம் லூயிக்கும் ராணிக்கும் கொடுத்த தங்கப் பிரதிகள் என்ன ஆயின என்று தடயமே இல்லை. வெள்ளியும் செம்பும்தான் மிச்சம். 1793-இல் அமெரிக்க நாணயச்சாலை அடித்த அரை சென்ட் காசில் இருக்கும் தலை, இந்த மெடலிலிருந்து வந்ததுதான். அசல் உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு எட்டும் விலையில் இல்லை. பாரிஸின் பிற்கால மறு அச்சுகளும், தனியார் நகல்களும் சந்தையில் ஏராளம். இணைய விற்பனையில் 'லிபர்டாஸ், 1781, அரிது' என்று மலிவாகக் கண்டால் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பழங்குடித் தலைவர்களுக்குக் கொடுத்த 'அமைதி மெடல்கள்'. இதைப்பற்றி நின்று சொல்லவேண்டும். ஏனென்றால் இவற்றில் அழகோடு நிறைய வலியும் இருக்கிறது. பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் மன்னர் முகம் போட்ட மெடல்களைத் தலைவர்களின் கழுத்தில் தொங்கவிட்டுக் கூட்டுச் சேர்ந்தார்கள். புதிய அமெரிக்க அரசும் அதே வழியில் போனது. வாஷிங்டன் காலத்தில் அடிக்க இயந்திர வசதி இல்லை. நீள்வட்ட வெள்ளித் தகடுகளில் கையால் செதுக்கினார்கள். செனகா மக்களின் பேச்சாளர் சகோயவாதாவுக்கு, வெள்ளையர் சொல்லில் ரெட் ஜாக்கெட்டுக்கு, 1792-இல் கொடுத்தது அவற்றில் புகழ்பெற்றது. வாஷிங்டனும் ஒரு பழங்குடித் தலைவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், நடுவில் சமாதானப் புகைக்குழாய், பின்னால் ஏர் உழும் காட்சி. நீங்கள் வேட்டையை விட்டு உழவுக்கு வாருங்கள் என்று அந்தப் பின்னணியே சொல்லிவிடுகிறது. நெடுங்காலம் பஃபலோ அருங்காட்சியகத்தில் இருந்த அந்த மெடல் 2021-இல் செனகா மக்களிடமே திரும்பப் போனது. அது சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜனாதிபதி ஜெஃபர்சன் காலத்து அமைதி மெடலைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் லேசுதான். பெரியது நாலு அங்குல அகலம். அவ்வளவு பெரிய வெள்ளி வட்டை அடிக்கும் வலு நாணயச்சாலையின் அச்சு யந்திரத்துக்கு இல்லை. அதனால் இரண்டு மெல்லிய வெள்ளித் தகடுகளைத் தனித்தனியாக அடித்து, முதுகோடு முதுகு வைத்து, சுற்றிலும் ஒரு பட்டை போட்டு மூடினார்கள். உள்ளே வெற்றிடம். பின்பக்கம் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கின்றன. ஒரு மணிக்கட்டில் படை உடையின் பொத்தான்கள், இன்னொன்றில் கழுகு பொறித்த வெள்ளிக் காப்பு. மேலே கோடாரியும் புகைக்குழாயும் குறுக்காக. 'அமைதியும் நட்பும்' என்று வாசகம். 1804-இல் மேற்கே ஆய்வுப் பயணம் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் இவற்றை மூன்று அளவுகளில் சுமந்து சென்றார்கள். தலைவரின் தகுதிக்கேற்பப் பெரியது, நடுத்தரம், சிறியது. அவரிடம் பிரிட்டிஷ் மன்னரின் மெடல் இருந்தால் அதைக் கழற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். வாசகத்தில் இருந்த அமைதிக்கும் நட்புக்கும் பின்னால் என்ன நடந்தது என்பது தெரிந்த கதை.

சேகரிப்பாளராக இங்கே நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை இந்த வரிசை முழுவதையும் வெண்கலத்தில் பொதுமக்களுக்கு அடித்து விற்றது. கெட்டியான வெண்கல ஜெஃபர்சன் எந்தத் தலைவர் கழுத்திலும் தொங்கியதில்லை. ஆனால் நியாயமான விலைக்குக் கிடைக்கும், பார்க்கவும் படிக்கவும் நல்லது. இரண்டு, வெள்ளி அசல் என்று யாராவது நீட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று முழுக் கதையும் கேளுங்கள். தலைவர்களோடு இந்த மெடல்களையும் புதைத்தது உண்டு. கல்லறையிலிருந்து வந்த ஒன்றை என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

19-ஆம் நூற்றாண்டுக்குள் போனால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. பிரிட்டனோடு நடந்த 1812 போரின் கடற்படைத் தலைவர்களுக்காக மோரிட்ஸ் ஃபர்ஸ்ட் வெட்டிய வரிசையில் கப்பல் சண்டைக் காட்சிகள் அற்புதம். பாய்மரக் கயிறுகள்கூட எண்ணலாம். என் மனத்துக்கு நெருக்கமானது 1826-இல் வந்த எரி கால்வாய் மெடல். எரி ஏரியையும் அட்லாண்டிக் கடலையும் இணைத்த கால்வாய் 1825-இல் திறந்தது. காட்டுத் தேவன் பானும் கடல் தேவன் நெப்டியூனும் அருகருகே உட்கார்ந்து ஏரியும் கடலும் சேர்ந்ததைக் காட்டுவார்கள். அச்சு வெட்டியவர் சார்ல்ஸ் குஷிங் ரைட், அமெரிக்காவில் வளர்ந்த முதல் பெரிய மெடல் கலைஞர்களில் ஒருவர். திறப்பு விழாவில் முதலாவதாக வந்த 'செனகா சீஃப்' படகில் ஏற்றி வந்த மரத்தைக் கடைந்து சில மெடல்களுக்குப் பெட்டி செய்தார்கள். அந்தப் பெட்டியோடு கிடைத்தால் மெடலைவிடப் பெட்டியைப் பத்திரமாகப் பாருங்கள். வெள்ளீயக் கலவையில் அடித்தவைதான் நம் கைக்கு எட்டுபவை. அது மிருதுவான உலோகம். நகம் பட்டாலே கீறும்.

கண்காட்சி மெடல்கள் தொடங்குபவருக்கு நல்ல வாசல். விவேகானந்தர் பேசிய சர்வ சமயப் பேரவை நடந்தது 1893 சிகாகோ கண்காட்சியை ஒட்டித்தான். அந்தக் கண்காட்சியின் பரிசு மெடலுக்கு ஒரு பக்கம் செய்தவர் சிற்பி செயின்ட் காடன்ஸ்: கரையில் கால் வைக்கும் கொலம்பஸ். மறுபக்கத்துக்கு அவர் ஆடையில்லாத ஓர் இளைஞனை வடித்தார். அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. நாணயச்சாலையின் சார்ல்ஸ் பார்பர் வேறொரு பக்கம் செய்து கொடுக்க, இரண்டு பேர் வேலையும் ஒட்டாமல் ஒரே உலோகத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. எனக்கு அந்த மறுபக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கும். இதில் ஒரு வசதி: பரிசு பெற்றவரின் பெயர் மெடலிலேயே புடைப்பாக இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரு பியானோ கம்பெனியோ, விதை வியாபாரியோ, பள்ளிக்கூடமோ வெளியே வரும். வாட்டர்பரி நகரில் அடித்து, கண்காட்சி முடிந்து மூன்று வருடம் கழித்து, அலுமினியப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். பெட்டி இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

20-ஆம் நூற்றாண்டில் சிற்பிகளின் கை ஓங்கியது. சிற்பி பெரிதாகச் செய்த வடிவத்தை அப்படியே சிறிதாக்கி அச்சில் வெட்டித் தரும் ஜான்வியே இயந்திரம் அமெரிக்காவுக்கு வந்ததுதான் காரணம். லிங்கன் சென்ட்டில் இருக்கும் முகம் விக்டர் பிரென்னர் முதலில் லிங்கன் பதக்கத் தகடாகச் செய்த அதே முகம். 1930-இல் தொடங்கிய 'சொசைட்டி ஆஃப் மெடலிஸ்ட்ஸ்' வரிசையின் முதல் மெடல் லாரா கார்டின் ஃபிரேசருடையது, இரண்டாவது பால் மேன்ஷிப்புடையது. 1995 வரை வந்த இந்த வரிசை, இவ்வளவு பெரிய கலைஞர்களின் வேலை இவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைக்கும் அபூர்வமான இடம். கையில் காசு குறைவாக இருந்தால் இங்கே தொடங்குங்கள் என்பேன்.

எதிலே தொடங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 1970-களில் தனியார் மின்ட்டுகள் மாதச் சந்தாவில் வெள்ளி மெடல் தொகுதிகளை லட்சக்கணக்கான வீடுகளுக்கு விற்றன. மரப்பெட்டி, சான்றிதழ் எல்லாம் பளபளவென்று இருக்கும். 1980-இல் வெள்ளி விலை ஏறியபோது அவற்றில் ஏராளமானவை உருக்கப்பட்டன. இன்றும் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளியின் எடைக்குத்தான் விலை. பிடித்திருந்தால் எடை விலைக்கு வாங்குங்கள், முதலீடு என்று வாங்காதீர்கள்.

நிறம் பார்த்துக் காலம் சொல்வதையும் பழகிக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவில் 'வெண்கலம்' என்று விற்றது உண்மையில் செம்பு. மேலே நிறம் ஏற்றியிருப்பார்கள். அது ஆழ்ந்த மஹோகனி, சில சமயம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். 20-ஆம் நூற்றாண்டில் மஞ்சள் சாயலான வெண்கலத்துக்கு மாறினார்கள். அதே அச்சு, அதே வாஷிங்டன், நிறத்தை வைத்தே இரண்டு காலம். விலையில் பல மடங்கு வித்தியாசம்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: விளக்கித் துடைக்காதீர்கள். நம் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியோ பீதாம்பரியோ போடுவதுபோல ஒரு தரம் போட்டால், அந்த மஹோகனி நிறம் போய்ச் செம்பு சிரிக்கும். அதற்குப் பிறகு எந்தச் சேகரிப்பாளரும் அதைக் கையில் எடுக்கமாட்டார். நூற்றைம்பது வருடம் கட்டிய நிறத்தைத் திரும்ப வாங்க வழியில்லை. மெல்லிய தூசு இருந்தால் மிருதுவான தூரிகை போதும். பச்சைக் களிம்பு பரவிக்கொண்டே போனால், தெரிந்தவரிடம் காட்டுங்கள். அசிட்டோன் என்று இணையத்தில் பார்த்துவிட்டு ஊற்றிவிடாதீர்கள். 20-ஆம் நூற்றாண்டு மெடல்கள் பலவற்றில் அரக்குப் பூச்சு உண்டு, அது உரிந்து வந்துவிடும்.

வார்ப்புப் போலியைக் கண்டுபிடிக்க விளிம்பும் எடையும் உதவும். விளிம்பில் அரம் போட்டு மறைத்த இணைப்புக் கோடு, பரப்பில் காற்றுக் குமிழி விட்ட ஊசிமுனைப் பள்ளங்கள், கொழகொழத்த எழுத்து இவையெல்லாம் அடையாளம். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகையால் போலி அசலைவிட மயிரிழை சிறிதாக இருக்கும். விட்டம் அளக்க ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர்களின் குறிப்பில் 'ஜூலியன்', 'பெட்ஸ்', 'பேக்கர்' என்று பெயரோடு எண் இருக்கும். முதலாவது அமெரிக்க நாணயச்சாலை மெடல்களின் பட்டியல் எண், அடுத்தது காலனி காலத்தவை, கடைசி வாஷிங்டன் மெடல்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் பழைய ஏல விலைகளைத் தேடுவது சுலபம். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நியூமன் நாணயவியல் தளத்தில் பழைய ஏலப் பட்டியல்கள் இலவசம். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பையும் படத்தோடு இணையத்தில் தேடலாம். வாங்குவதற்கு முன் ஒரு மாலை அங்கே செலவழியுங்கள்.

வைப்பதற்கு: பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு விடும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை நல்லது. மர அலமாரி என்றால் ஓக் மரம் கூடாது, அதன் அமில ஆவி உலோகத்தைத் தின்னும். மஹோகனி சரி. சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். ஒவ்வொரு மெடலுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: விட்டம், எடை, விளிம்புக் குறி, எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது. விற்றவர் கொடுத்த பழைய கடிதமோ ரசீதோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

அந்த விற்பனைக்கு மறுபடி போகும்போது விற்பவரிடம் வாதம் செய்ய வேண்டாம். விளிம்பைக் காட்டி, இது பாரிஸில் 1880-க்குப் பின் அடித்தது, அந்த விலைக்குத் தருவீர்களா என்று மட்டும் கேளுங்கள். தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் கவலை வேண்டாம், அந்த மெடல் கொம்புக் குறியோடு சந்தையில் அடிக்கடி வரும்.